கரையான் ராஜா ஓடவில்லை

எபோவுக்கு வாசிக்கத் தெரியாது. ஊரில் இது அவன் மனைவி மன்ஸா ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு எபோ என்றாலே சிரிப்புதான். கேப் கோஸ்ட் நகரத்துக்குப் போகும் வேனில் தொங்கிக்கொண்டு அவன் ஆள் கூப்பிட்ட காலத்தில், அந்தக் கூப்பாட்டின் அழகுக்காகவே போக வேண்டாத இடத்துக்கு ஏறிப் போனவர்கள் உண்டு. அப்படிப்பட்ட வாய். அந்த வாயை நம்பித்தான் நூலகத்து அரபா மேடம் அவனைப் பிடித்துவந்து தன் நாடகத்தில் கரையான் ராஜாவாக ஆக்கினாள். நாடகம் எதற்கு? பிள்ளைகளை நூலகத்துக்கு இழுக்க, புத்தகம் படிக்க வைக்க. மொட்டைத்தலையன் சீப்பு விற்கப் போன கதைதான், வேறென்ன சொல்ல?

அரபாவையும் குறை சொல்ல முடியாது. தலைநகர் அக்ராவில் பிறந்து வளர்ந்து, நாடகம் படித்துவிட்டு இந்த அபுரான்சா ஊர் நூலகத்துக்குப் பொறுப்பாக வந்தவள். வந்த முதல் மாதத்தில் ஒரு பிள்ளைகூடத் தானாக உள்ளே வரவில்லை. வந்ததெல்லாம் தண்டனைக்கு வந்தவை. பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனவன், வகுப்பில் பேசியவள், பின்பெஞ்சில் கடலை தின்றவன் எல்லாரையும் வாத்தியார்கள் நூலகத்தில் வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லி அனுப்பினார்கள். சுவரில் 'பேசாதே' என்று பலகை வேறு. ஜெயிலில் புத்தகம் அடுக்கி வைத்தால் எந்தப் பிள்ளைக்குப் புத்தகத்தின் மேல் ஆசை வரும்? அரபாவுக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கே உட்கார்ந்து நாடகத்தை எழுத ஆரம்பித்துவிட்டாள்.

ஒத்திகை தொடங்கிய நாள் முதல் எபோ கையில் தாளைக் கொடுத்தால், அவன் அதைப் பயபக்தியோடு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வான்.

"கண்ணாடிய வீட்லயே வெச்சிட்டு வந்துட்டேன் மேடம். நாளைக்கு மனப்பாடமா சொல்றேன், பாருங்க."

எபோவுக்குக் கண்ணாடியே கிடையாது. வீட்டுக்கு வந்து, மீன் புகைபோடும் அடுப்பு முன்னால் மன்ஸாவிடம் தாளை நீட்டுவான். ஒரு கையால் மீனைத் திருப்பிக்கொண்டு மறு கையில் தாளைப் பிடித்து அவள் வாசிப்பாள். இரண்டு தடவை கேட்டால் போதும், அவனுக்கு அப்படியே வந்துவிடும். மூன்றாம் நாள் ஒத்திகையில் ஒரு வசனத்தின் நடுவே எபோ இருமினான். அரபா கைதட்டிவிட்டாள்.

"அந்த இருமல் பிரமாதம்! புத்தகத்துத் தூசி தொண்டையில போயிருக்குன்னு தெரியுது. அதை விட்டுடாதீங்க!"

அது புத்தகத்துத் தூசி இல்லை, மன்ஸாவின் அடுப்புப் புகை. அவள் இருமியதையும் சேர்த்து அவன் மனப்பாடம் செய்திருந்தான். அதைக் கேட்டபோது மன்ஸா சிரித்த சிரிப்பில் ஒரு வரிசை மீன் கருகிப்போனது.

ஆனால் சிரித்து முடித்ததும் அவள் விஷயத்துக்கு வந்தாள். "எத்தனை நாளைக்குய்யா இப்படி? அந்தப் பொண்ணுகிட்ட உண்மையச் சொல்லிடு."

"சொல்லிட்டு? இந்த நாடகம் நல்லா வந்தா பன்னெண்டு ஊருக்குப் போகப் போவுதாம். நான் மறுபடி வேன்ல தொங்க வேண்டாம். வாசிக்கத் தெரியாதவனை வாசிப்பு நாடகத்துக்கு எவளாவது கூட்டிட்டுப் போவாளா?"

"போனா போவுது அந்த வேலை."

"வேலை போனா போவுது, சரி. அந்தப் பிள்ளைங்க என்னைப் பாத்துச் சிரிக்குதுங்கடி. நான் சிரிக்க வெச்சுச் சிரிக்குதுங்க. என்னைப் பாத்து எளக்காரமாச் சிரிச்சா நான் எங்க போய் முட்டிக்கிறது?"

மன்ஸா மீனைத் திருப்பினாள்.

நாடகம் செவ்வாய்க்கிழமைக்கு வைத்தார்கள். செவ்வாயன்று கடலுக்கு ஓய்வு, எவனும் படகைத் தள்ளமாட்டான். ஊரே கரையில் இருக்கும். எபோ பிறந்ததும் ஒரு செவ்வாயில்தான்; செவ்வாயில் பிறந்த ஆணுக்கு அந்த ஊரில் வைக்கிற பெயரே எபோ. நல்ல நாள் என்று நினைத்தான். ஆனால் ஊரே கரையில் இருந்தால் ஊரே நாடகத்துக்கும் வரும் என்பதை அவன் யோசிக்கவில்லை.

நாலு மணிக்கு நூலகத்துக்குள் எண்பது பிள்ளைகள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் மீனவர்கள், சிலர் மடியில் பின்னிக்கொண்டிருந்த வலையோடு. நடுவில் நாற்காலியில் படகுக்காரர் ஆம்பியா, மூக்கு நுனியில் கண்ணாடியும் முன்னால் தொந்தியுமாக. ஜன்னலுக்கு வெளியே தலையில் மீன் தட்டோடு மன்ஸா. சுவரில் இருந்த பலகையை அரபா திருப்பி மாட்டி, பின்பக்கத்தில் ஏதோ எழுதியிருந்தாள். பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். எபோவும் அலமாரிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து அதே அளவுக்குச் சிரித்தான். முப்பத்தைந்து வருடமாக அவன் பழகிய வித்தை அது. மற்றவர்கள் சிரித்தால் சிரிக்க வேண்டும், உச்சுக்கொட்டினால் உச்சுக்கொட்ட வேண்டும். 'இன்று கத்தலாம்' என்று எழுதியிருந்தது என்பது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மேளக்காரன் க்வாமெனா ஒரு தட்டு தட்டினான். கரையான் ராஜா வெளியே வந்தார்.

அரிசிச் சாக்கு உடம்பு, பின்னால் ஆடும் சாக்குவால், சைக்கிள் கம்பியில் இரண்டு மீசை, சுரைக்குடுவையைப் பிளந்து மூக்கும் தாடையும் வைத்துச் செய்த முகமூடி. வந்த வேகத்தில் ஒரு அட்டைப் புத்தகத்தை எடுத்துக் கடித்தார்.

"ஆஹா, பூகோளம்! ஒரே உப்பா கரிக்குதே! எல்லாப் பக்கமும் கடல்!" அடுத்ததைக் கடித்தார். "இது கணக்கு. விக்... விக்கல் வருது!" இன்னொன்று. "சமையல் புத்தகம்! அட ஏமாத்துக்காரப் பசங்களா, படத்துல மீனு, வாயில அட்டையா?" பிறகு அந்த இருமல். எண்பது பிள்ளைகளும் உடனே திருப்பி இருமினார்கள். ஜன்னலில் மன்ஸா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அரபாவின் திட்டப்படி பிள்ளைகள் மூன்று தடவை கத்த வேண்டும். முதல் தடவை 'திங்காதே', இரண்டாம் தடவை 'கீழ வை', மூன்றாம் தடவை 'படி! படி!' அந்தச் சொல்லைக் கேட்டதும் கரையான் ராஜா காதைப் பொத்திக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடிவிட வேண்டும். பிறகு அரபா உறுப்பினர் அட்டைகளோடு வருவாள். அவ்வளவுதான் நாடகம்.

இந்த இடத்தில்தான் அரபா ஒன்றை மறந்திருந்தாள். அபுரான்சாவில் கதை சொல்பவனுக்குக் கதை சொந்தமில்லை. கேட்பவர்களில் யார் வேண்டுமானாலும் எழுந்து, 'கதையை நிறுத்து, அன்றைக்கு நான் அங்கேதான் இருந்தேன்' என்று சொல்லிப் பாட்டு எடுக்கலாம். பாட்டு முடிந்ததும் அவர் சொல்வது எதுவோ அதைக் கதை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். மறுத்துப் பேசுகிறவனை ஊர் அதற்கப்புறம் கதை சொல்லக் கூப்பிடாது. அக்ராக்காரி மறந்ததில் ஆச்சரியமில்லை. இங்கேயே பிறந்த எபோ எப்படி மறந்தான் என்பதுதான் வேடிக்கை.

மூன்றாம் தடவை 'படி! படி!' என்று கூரை அதிர்ந்தது. எபோ காதைப் பொத்திக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பினான்.

"கதையை நிறுத்து! அன்னைக்கு நான் அங்கதான் இருந்தேன்!"

முன்வரிசையில் எக்குவா எழுந்து நின்றாள். ஒன்பது வயது, முன்பல் இரண்டும் இல்லை, குரல் மட்டும் நாலு ஆளுக்கு இருக்கும். நூலகத்துக்கு இதற்கு முன் மூன்று தடவை வந்திருக்கிறாள், மூன்றும் பேசிய குற்றத்துக்காக.

க்வாமெனாவின் கை பழக்கதோஷத்தில் மேளத்துக்குப் போனது. எக்குவா பாடினாள்.

"கரையானே கரையானே, வயிறு ரொம்பிச்சா?"

"ரொம்பலையே, ரொம்பலையே!" என்று சபை முழுக்கத் திருப்பிப் பாடியது.

"தின்னு தின்னு பாத்தியே, மண்டை ரொம்பிச்சா?"

"ரொம்பலையே, ரொம்பலையே!"

ஆம்பியா நாற்காலியிலேயே தோளை ஆட்டினார். மீனவர்கள் வலையை வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். அரபாவின் முகம் விளக்கு ஏற்றியதுபோல் இருந்தது. இப்படி ஒன்று நடக்க வேண்டும் என்றுதானே அவள் நாடகமே போட்டாள்!

பாட்டு முடிந்தது. எக்குவா இடுப்பில் கை வைத்துச் சொன்னாள்: "கரையான் ஓடவே இல்ல. நாங்க வாலப் புடிச்சு இழுத்து உக்கார வெச்சோம். ஒரு புத்தகம் குடுத்தோம். அது சத்தமா படிச்சுக் காட்டுச்சு. அப்புறந்தான் விட்டோம்."

சொல்லிவிட்டு அலமாரிக்குப் போய் ஒரு நிஜப் புத்தகத்தை உருவிக்கொண்டு வந்தாள். நாலு பையன்கள் அதற்குள் வாலைப் பிடித்து எபோவை முக்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். புத்தகம் மடியில் விழுந்தது.

சாக்குக்குள் எபோவுக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"ஐயோ, என் கண்ணாடி! போன வாரம் புத்தகம்னு நெனச்சு அதையும் தின்னுட்டேனே!"

சபை சிரித்தது. தப்பித்தோம் என்று அவன் மூச்சுவிடுவதற்குள் பின்னாலிருந்து ஆம்பியாவின் குரல் வந்தது.

"கவலப்படாத ராஜா! இந்தா, என் கண்ணாடி!"

கண்ணாடி கைமாறிக் கைமாறி முன்னால் வந்தது. எக்குவாவே அதை அவன் சுரைக்குடுவை மூக்கில் மாட்டிவிட்டாள். உதவி செய்ய வேண்டாத நேரத்தில் உதவி செய்ய ஊரில் நாலு பேர் எப்போதும் இருப்பார்கள்.

எபோ புத்தகத்தைத் திறந்தான். ஒரு பானைக்குள் நண்டு ஒன்று எட்டிப் பார்க்கும் படம். கீழே எழுத்துகள், எறும்பு வரிசை. படத்தைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு ஊர்ல ஒரு நண்டு. அதுக்கு அகோரப் பசி. பானையில என்ன குழம்புன்னு எட்டிப் பாத்துச்சு..."

பக்கத்தில் நின்ற எக்குவா குனிந்து பார்த்தாள். "அப்படி இல்லியே. நண்டு வீட்டைத் தேடிச்சுன்னு போட்டிருக்கு."

சிரிப்பு. இன்னும் சிரிப்புதான், அவன் வேண்டுமென்றே செய்கிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஜன்னலில் மன்ஸா சிரிக்கவில்லை. பின்வாசல் திறந்தே கிடந்தது. ஓடு என்றுதான் தாளிலும் எழுதியிருக்கிறது. ஓடினால் யாரும் தப்பாக நினைக்கப்போவதில்லை.

எக்குவா அவன் காதருகே வந்து மெதுவாகப் பேசினாள். அவளால் மெதுவாகவும் பேச முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பெரிய வார்த்தைன்னா பயப்படாத மாமா. எனக்கும் வராது. நான் தாண்டிப் போயிடுவேன். நீயும் தாண்டிக்கோ."

ஒரு வார்த்தை இரண்டு வார்த்தையா, எழுத்து மொத்தத்தையும் அல்லவா அவன் இத்தனை வருடமாகத் தாண்டித் தாண்டி வந்திருக்கிறான்! பல் இல்லாத இந்தப் பெண், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நிற்கிறாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் இது வேறு வெட்கம். ஓட வைக்கிற வெட்கம் இல்லை.

முக்காலியிலிருந்து எழுந்தான்.

"கதையை நிறுத்து! அன்னைக்கு நான் அங்கதான் இருந்தேன்!"

தன் கதையைத் தானே நிறுத்திய ஆளை ஊர் அதுவரை கண்டதில்லை. எல்லாரும் ஓவென்று சிரித்தார்கள். எபோ பாட்டு எடுக்கவில்லை. சுரைக்குடுவையைக் கழற்றினான், ஆம்பியாவின் கண்ணாடியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டான். உள்ளிருந்து வியர்த்த முகம் வெளியே வந்தது. சிரிப்பு ஒவ்வொரு பக்கமாக அடங்கியது.

"அந்தக் கரையானுக்குப் படிக்கத் தெரியாது," என்றான். "ஆறு வயசுல அதை வலை இழுக்க அனுப்பிட்டாங்க. பள்ளிக்கூடம் பக்கமே போகலை. அப்புறம் பெருசாகி, எல்லாரையும் சிரிக்க வெச்சிக்கிட்டு, தெரிஞ்ச மாதிரியே நடிச்சுக்கிட்டு இருந்துச்சு. புத்தகம் கையில வந்தா அது என்ன பண்ணும், பாவம்? வேற என்ன பண்றதுன்னு தெரியாமதான் தின்னுச்சு."

பின்னால் இருந்த மீனவர்களில் பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அரபாவுக்கும் புரிந்துவிட்டது. மடித்து மடித்துச் சட்டைப்பைக்குள் போன தாள்கள் எல்லாம் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தன. எபோ அவளைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு ஊரும் போயிற்று என்று நினைத்துக்கொண்டான்.

ஆனால் நிறுத்தியவர் சொன்னதைக் கதை ஏற்றுக்கொண்டாக வேண்டும். கரையானுக்குப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். எக்குவா அதை ஏற்றுக்கொள்ள ஒரு நொடிகூட எடுக்கவில்லை.

"இவ்ளோதானா?" என்றாள். "உக்காரு. சொல்லித் தரோம்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, நூலகம் சந்தையாகிவிட்டது. எண்பது வாத்தியார், ஒரு மாணவன்! ஆளுக்கொரு எழுத்தைக் கத்தினார்கள். ஒருத்தன் தரையில் விரலால் எழுதினான், ஒருத்தி எபோவின் முதுகிலேயே எழுதினாள். எக்குவா ஒரே அதட்டலில் அடக்கினாள்.

"மாமா பேரை மட்டும் எடுத்துக்குவோம்! இங்கிலீஷ்ல மூணே எழுத்து!"

ஒரு நெட்டைப் பையன் விறைப்பாக நின்றான். அவன் தலைப்பக்கம், இடுப்புப்பக்கம், கால்பக்கம் மூன்று பேர் ஒரே பக்கமாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அது முதல் எழுத்து. இரண்டாவது எழுத்துக்கு இரண்டு தொந்தி வேண்டும். பிள்ளைகளில் யாருக்கும் அந்த அளவுக்கு வசதி இல்லை.

"ஆம்பியா தாத்தா! ஆம்பியா தாத்தா!"

"ஏய், என்னங்கடா, விடுங்கடா!" என்று கத்திக்கொண்டே அவர் முன்னால் வந்தார். வந்தவர் தொந்தியைத் தள்ளிக்காட்டி நிற்க, கீழ்த்தொந்தியாக ஒரு குண்டுப்பையன் அவர் காலடியில் சுருண்டுகொண்டான். மூன்றாம் எழுத்து சுலபம். இருபது பிள்ளைகள் கைகோத்து வட்டமாக நின்றார்கள்.

"அட, இந்த வட்டம் என் படகு மேல இருக்கே!" என்றார் ஆம்பியா, நின்ற இடத்திலிருந்தே.

"என் படகுலயும் இருக்கு!" என்று பின்னாலிருந்து ஒரு மீனவன் எழுந்தான். இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். க்வாமெனா மேளத்தை எடுத்தான். ஒரு எழுத்துக்கு ஒரு தட்டு. எபோ பிள்ளைகளுக்கு நடுவே நடந்து, முதல் எழுத்தின் கைகளைத் தொட்டான், ஆம்பியாவின் வயிற்றைத் தொட்டான், வட்டத்தைச் சுற்றி ஓடினான். தொட்டுத் தொட்டுச் சத்தமாகச் சொன்னான். மூன்றையும் சேர்த்துச் சொன்னபோது அது அவன் பெயராக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் இல்லை. ஜன்னலில் மன்ஸா தட்டு சாய்வதுகூடத் தெரியாமல் கைதட்டினாள். நாலு மீன் நூலகத்துக்குள் விழுந்தது.

பிறகு அரபா மேசையைப் போட்டுப் பெரிய பதிவேட்டைத் திறந்தாள். உறுப்பினராகிறவர் தன் பெயரைத் தானே எழுத வேண்டும் என்பது அவள் வைத்த விதி. வரிசை வாசலைத் தாண்டி வெளியே போனது. எக்குவா எபோவின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முதல் ஆளாக நிறுத்தினாள்.

"மேடம்," என்றான் எபோ, தலையைச் சொறிந்துகொண்டு. "கண்ணாடி விஷயம்..."

"ஓடுற கட்டத்தை அடிச்சிட்டேன்," என்றாள் அரபா. "அது நல்லாவே இல்ல. அடுத்த செவ்வாய் அடுத்த ஊர். அங்கயும் கரையானைப் புடிச்சு உக்கார வெக்க ஒருத்தி இருப்பா. அங்க ரெண்டாவது வார்த்தை கத்துக்கலாம். வருவீங்கள்ல?"

எபோ தலையாட்டினான். பேனாவை வலைக்கயிறு பிடிப்பதுபோல் முழுக்கையால் பிடித்து எழுதினான். முதல் எழுத்துக்கு நாலு கை வந்துவிட்டது. எக்குவா எண்ணிப் பார்த்து ஒன்றை அடிக்கச் சொன்னாள். இரண்டாம் எழுத்தின் தொந்திகள் ஆம்பியாவுடையதைவிடப் பெரிதாக வந்தன. வட்டம் மட்டும் அழகாக வந்தது.

அரபா முத்திரை குத்தி நண்டுப் புத்தகத்தை அவனிடம் கொடுத்தாள். எக்குவா விரலை ஆட்டினாள்.

"பதினாலு நாள்ல திருப்பிக் குடுக்கணும். தின்னுடாத!"

கடற்கரை வழியாக வீட்டுக்குப் போனார்கள், மன்ஸா முன்னால், சாக்கு உடம்போடு எபோ பின்னால். செவ்வாய் ஆனதால் படகுகள் எல்லாம் மணலில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் சிவப்பிலும் மஞ்சளிலும் ஏதேதோ எழுதியிருந்தது. எபோ ஆம்பியாவின் படகுக்கு முன்னால் நின்றுவிட்டான். ஆறு வயதில் முதன்முதலாக வலை இழுத்தது அந்தப் படகில்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊர் சொல்லக் கேட்டுத் தெரியும். இப்போது குனிந்து விரல் வைத்துத் தேடினான்.

"மன்ஸா! இங்க பாரு, என் வட்டம்! இன்னொண்ணு! அடியே, இதோ மூணு கைக்காரன்!"

"முப்பத்தஞ்சு வருசமா அங்கதான்யா நிக்கறான்," என்றாள் மன்ஸா. குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. "அடுத்த படகுக்கு வா. அங்க தொந்திக்காரன் இருக்கான்."

அவள் தட்டை மணலில் இறக்கி வைத்தாள். இன்னும் நாற்பது படகு இருந்தது.